பெரிய ஜாதி நாய்க்குட்டிக்குக் கால் வளைகிறது: கால்சியத்தைக் கூட்டுவதா, நிறுத்துவதா?

நீங்கள் கேட்டது இது: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பில் வீடு, மூன்றரை மாத ஆண் கிரேட் டேன் குட்டி, எடை 19 கிலோ. முன்னங்கால் பாதங்கள் இரண்டும் கொஞ்ச நாளாக வெளிப்பக்கம் திரும்புகின்றன, மணிக்கட்டு தடித்துத் தெரிகிறது. குட்டியைக் கொடுத்தவர் “கால்சியம் பத்தல” என்று சொல்லி, சிரப்பை இரண்டு மடங்காக்கச் சொல்லியிருக்கிறார். நண்பர் ஒருவர், தினமும் காலையில் பைக்கோடு ஓடவிட்டால் கால் உறுதிப்படும் என்கிறார். காலையில் பாக்கெட் தீனி, மதியம் பாலும் முட்டையும், ராத்திரி சோறும் வேகவைத்த கோழித்தலையும் கொடுக்கிறீர்கள். எவ்வளவு கால்சியம், எவ்வளவு சாப்பாடு, எவ்வளவு ஓட்டம் என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: இந்தக் குட்டிக்கு ஏதாவது குறைவாகப் போகிறதா, இல்லை அதிகமாகப் போகிறதா?

நான் கால்நடை மருத்துவர். எங்கள் பக்கம் கறவை மாடும் ஆடும்தான் முக்கிய வேலை என்றாலும், கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தோப்புக் காவலுக்குப் பெரிய நாய் வளர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். நீங்கள் சொல்லும் கால்களை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். குட்டியைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் நோய் என்று என்னால் சொல்ல முடியாது, எழுத்தில் படித்துவிட்டு யாராலும் முடியாது. ஆனால் இரண்டு விஷயங்களை இப்போதே உறுதியாகச் சொல்லலாம். சிரப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். பைக் ஓட்டம் வேண்டவே வேண்டாம். இந்த இரண்டையும் செய்துவிட்டு, இந்த வாரத்துக்குள் குட்டியை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். மீதியை விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கால்சியம். கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டி இருக்கும். ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஐம்பது கிலோவைத் தாண்டிவிடும். இவ்வளவு வேகமாக எலும்பு நீளும் பிராணிக்கு நிறையக் கால்சியம் வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தில் பெரும்பகுதியை உள்ளே விடாமல் வெளியே தள்ளிவிடும். குட்டியின் குடலுக்கு, அதுவும் முதல் ஆறு மாதத்தில், அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. உள்ளே போனதில் பெரும்பங்கு அப்படியே ரத்தத்தில் ஏறும். அது எலும்பு உருவாகும் ஒழுங்கைக் குலைக்கும். குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடைப்படும், மூட்டு சரியாக அமையாது, கால் வளையும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் இதே கிரேட் டேன் குட்டிகளை வைத்துத்தான் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தீனியில் 1.1 சதவீதம் கால்சியம் தின்ற குட்டிகள் ஒழுங்காக வளர்ந்தன, 3.3 சதவீதம் தின்றவற்றுக்கு எலும்புக் கோளாறுகள் வந்தன. இதில் இப்போது கருத்து வேறுபாடே கிடையாது. பெரிய ஜாதிக் குட்டிக்கு மேலே கூடுதலாக ஊற்றும் கால்சியம் வெறுமனே வீணாவதில்லை, அதுவே காலை வளைக்கக்கூடும்.

இதற்காக ‘கால்சியம் விஷம்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் இதற்கு நேர் எதிரான குட்டியையும் பார்க்கிறேன். சோறும் எலும்பில்லாத கோழிக்கறியும் மட்டும் தின்று வளரும் குட்டிகள் அவை. 100 கிராம் கோழிக்கறியில் கால்சியம் 10, 15 மில்லிகிராம்தான் இருக்கும். பாஸ்பரஸோ 200 மில்லிகிராமுக்குப் பக்கத்தில். சோற்றிலும் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது உடம்பின் முதல் வேலை என்பதால், அது எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும். எலும்பு மெலிந்து, குட்டி நடக்கவே அழும், குதித்தால் எலும்பு முறியும். வீட்டிலுள்ளவர்கள் “கறியா போட்டு வளர்க்கறோம் டாக்டரே, குட்டிக்கு என்ன குறை?” என்பார்கள். அந்தக் குட்டிக்குக் குறை கால்சியம்தான், அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆக, கால்சியம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, குட்டி என்ன தின்கிறது என்று தெரியாமல் பதில் இல்லை. குட்டி விற்கிறவர் எல்லாருக்கும் ஒரே சிரப்பைச் சொல்லி அனுப்புவதில் உள்ள ஆபத்தே இதுதான்.

உங்கள் குட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதுதான் சிக்கல். பாக்கெட் தீனியில் அதற்கு வேண்டிய கால்சியம் கணக்காகச் சேர்ந்திருக்கும். சோறு அந்தக் கணக்கைக் கலைக்கிறது. கோழித்தலையில் எலும்பு உண்டு, அதில் எவ்வளவு கால்சியம் போகிறது என்று யாரும் அளக்க முடியாது. அதற்கு மேல் சிரப். மொத்தத்தில் கூடுதலா குறைவா என்று எனக்கே சொல்லத் தெரியாத ஒரு தட்டு அது. பாலைப் பொறுத்தவரை ஒரு கணக்குச் சொல்கிறேன். 19 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1600 கிலோகலோரி தேவை என்று வைத்தால், கால்சியம் ஏறக்குறைய 5 கிராம் வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பது 1.2 கிராம். அதனால் பாலை நம்பி ஒரு பெரிய குட்டியின் எலும்பை வளர்க்க முடியாது. ஒத்துக்கொண்டால் கொஞ்சம் கொடுக்கலாம், வயிற்றால் போனால் நிறுத்திவிடலாம், அவ்வளவுதான். கேழ்வரகில் கால்சியம் உண்டு, 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் போல. ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் அதைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்வதால் முழுசாகச் சேராது. கேழ்வரகுக் களி கொடுக்கிறோம், கால்சியம் போதும் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

நான் உங்களுக்குச் சொல்வது, ஏதாவது ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்று வரும் முழுமையான தீனி ஒன்றை எடுத்துக்கொண்டு, வளர்ச்சி முடியும் வரை அதையே பிரதானமாகக் கொடுப்பது சுலபமான வழி. அமெரிக்காவில் தீனித் தரத்தை வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் விதிமுறையைப் பின்பற்றும் பாக்கெட்டுகளில், 70 பவுண்டு, அதாவது 32 கிலோ அல்லது அதற்கு மேல் வளரும் நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடுங்கள். அந்த வகைத் தீனியில் ஈரப்பதம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.2 சதவீதத்துக்குக் குறையாமலும் 1.8 சதவீதத்துக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். கடையில் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் தீனியில் இந்த வரியும் இருக்காது, எப்போது பிரித்த மூட்டை என்றும் தெரியாது, மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். விலை குறைவு என்பதற்காக வளரும் குட்டிக்கு அதை வாங்க வேண்டாம். முட்டை, கொஞ்சம் கறி, ஒரு வாய் தயிர்சோறு எல்லாம் மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால் கணக்குக் கெடாது. வேகவைத்த கோழித்தலையையும் எலும்பையும் மட்டும் விட்டுவிடுங்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழித்த குட்டிகளை மேசையில் கிடத்திப் பார்த்திருக்கிறேன்.

பாக்கெட் தீனி கட்டுப்படியாகாது, வீட்டுச் சாப்பாடுதான் என்றால் அதிலும் தப்பில்லை. ஆனால் அப்போது ஆளுக்கொரு யோசனை கேட்காமல், ஒரு டாக்டரிடம் குட்டியின் எடைக்கு அளவு எழுதி வாங்கி, கால்சியமும் மற்ற தாதுக்களும் எவ்வளவு சேர்ப்பது என்று கேட்டு, அளந்து சேர்க்க வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி ஓட்டுப்பொடி என்ன வேலை செய்யும் என்று இதிலிருந்தே தெரியும். கைக்கு வந்தபடி தூவும் பொருள் அல்ல அது.

இதோடு சேர்த்து எல்லாரும் சொல்லும் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். குட்டியைக் காலை வெயிலில் கட்டிவைத்தால் வைட்டமின் டி ஏறும், கால் நிமிரும் என்பது ஒன்று. மனிதனுக்குச் சரி. நாயின் தோல் வெயிலிலிருந்து போதுமான வைட்டமின் டி செய்துகொள்ளாது, அது சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். நல்ல தீனியில் அது இருக்கிறது. அதற்கு மேல் வைட்டமின் டி ஊசியோ சொட்டு மருந்தோ போட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் அளவுக்கு ஆபத்து உண்டு. ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பார்க்காமல் யார் சொன்னாலும் போட விடாதீர்கள். இன்னொன்று, புரதம் அதிகமானால் கால் வளையும் என்பது. இதையும் கிரேட் டேன் குட்டிகளில் சோதித்தார்கள், புரதத்தால் எலும்பு கெட்டதாகத் தெரியவில்லை. கெடுப்பது மொத்தக் கலோரியும் கால்சியமும்தான். முட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எவ்வளவு போடுவது? பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில், முழு வளர்ச்சியில் எவ்வளவு எடை வரும், இப்போது எத்தனை மாதம் என்று பார்த்துத் தொடங்குங்கள். 1600 கிலோகலோரி என்றேன். கிலோவுக்கு 3700 கிலோகலோரி உள்ள தீனியானால் ஒரு நாளைக்கு 430 கிராம். இதை மூன்று வேளையாகப் பிரித்து, தராசில் நிறுத்துப் போடுங்கள். டம்ளரில் அளந்தால் வீட்டில் ஆளுக்கொரு அளவாகிவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும். ஆனால் இந்த 430 கிராம் என்பது தொடக்கப் புள்ளிதான், ஒவ்வொரு குட்டிக்கும் 20, 30 சதவீதம் கூடக் குறைய மாறும். சரியான அளவைக் குட்டியின் உடம்புதான் காட்டும். வாரம் ஒரு முறை விலாவில் விரலை ஓட்டிப் பாருங்கள். உங்கள் கையை நீட்டி, புறங்கையில் விரலெலும்புகளைத் தடவினால் எப்படித் தட்டுப்படுகிறதோ, அப்படி விலா தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் பத்து சதவீதம் குறையுங்கள். கண்ணுக்கே எலும்பு எலும்பாகத் தெரிந்தால் கூட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். வாரம் ஒரு முறை எடையையும் எழுதி வையுங்கள். தீனிக்கடையிலோ நெல் மண்டியிலோ இருக்கும் மேடைத் தராசு போதும்.

இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை வரும். பாட்டி “குட்டி ஒட்டிப்போய் கிடக்கு, இன்னும் கொஞ்சம் போடு” என்பார். பக்கத்துத் தோப்பு ரோட்வீலர் இதே வயதில் உருண்டையாக இருந்தது என்பார்கள். குண்டுக் குட்டி பார்க்க அழகுதான். ஆனால் இன்னும் முழுசாக எலும்பாகாத மூட்டின் மேல் அந்தக் கூடுதல் எடை ஏறி நிற்கிறது. லாப்ரடார் நாய்களில் நடந்த ஒரு நீண்ட ஆய்வை இதற்கு நான் எல்லாரிடமும் சொல்வேன். 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று தின்பதில் கால் பங்கு குறைத்து மற்றதற்கு ஆயுள் முழுக்கக் கொடுத்தார்கள். முடிவு 2002 இல் வந்தது. குறைவாகத் தின்றவற்றில் பாதி 13 வயது வரை இருந்தன. நிறையத் தின்றவற்றில் பாதி 11.2 வயதிலேயே போய்விட்டன. இடுப்பு மூட்டுக் கோளாறும் ஒல்லி நாய்களுக்குக் குறைவு, மூட்டு வாதம் வந்ததும் தாமதமாகத்தான். குட்டியை ஒல்லியாக வைத்தால் கடைசியில் உயரம் குறைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். உயரத்தை முடிவு செய்வது அப்பா அம்மா. மெதுவாக வளர்ந்தாலும் அதே உயரத்துக்கு வந்துவிடும், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

இனி அந்தக் கால். கிரேட் டேன் போன்ற பெரிய குட்டிகளுக்கு மணிக்கட்டுக்கு மேலே எலும்பு புடைத்துத் தெரிவது இந்த வயதில் இயல்பு. எலும்பு நீளமாகும் வளர்ச்சித் தட்டு அங்கேதான் இருக்கிறது. அந்தப் புடைப்பைப் பார்த்து ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு கெட்டிப்படாமல் கால் வளையும் நோய் என்று பயந்து வருகிறவர்கள் நிறைய. பாதம் லேசாக வெளியே திரும்புவதும் இந்த ஜாதிக் குட்டிகளில் ஓரளவு வரை கவலைப்பட வேண்டியதல்ல, நெஞ்சு அகலமாகும்போது பெரும்பாலும் சரியாகும். நான் செய்யும் முதல் சோதனை இதுதான்: எங்கள் ஆஸ்பத்திரித் தரை மொசைக். குட்டி அதில் நிற்கும்போது நகம் வழுக்கி, விரல்கள் விரிந்து, பாதம் இரண்டு பக்கமும் சறுக்கிக்கொண்டே போகும். அது பதறி மணிக்கட்டைப் பின்னால் மடக்கும். ஒரு தேங்காய்ச் சாக்கை விரித்து அதன்மேல் நிறுத்துவேன். பல குட்டிகள் அதில் ஏறிய உடனே விரலைச் சேர்த்து ஊன்றி, பாதி வளைவு காணாமல் போய்விடும். மீதி எவ்வளவு நிற்கிறதோ அதுதான் நான் யோசிக்க வேண்டிய வளைவு. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். டைல்ஸ் தரையில்தான் குட்டி நாள் முழுக்க இருக்கிறதென்றால், சாக்கோ, மாட்டுத் தொழுவத்தில் போடும் ரப்பர் விரிப்போ அது நடக்கும் வழியெல்லாம் போடுங்கள். நகத்தை வெட்டி விடுங்கள். நகம் நீண்டால் பாதம் பின்னால் சாயும்.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் சாக்கு போட்டுக் காத்திருக்கக் கூடாது. வளைவு ஒரே காலில் மட்டும் இருப்பது முதலாவது. முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன. குட்டி எங்கேயாவது குதித்தோ விழுந்தோ வெளிப்பக்க எலும்பின் வளர்ச்சித் தட்டு அடிபட்டால் அது நீள்வதை நிறுத்திவிடும். மற்ற எலும்பு தொடர்ந்து நீண்டு, வில் போல வளையும். வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே அறுவை செய்தால்தான் பலன் என்பதால் இதில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். இரண்டாவது, மணிக்கட்டுக்கு மேலே தொட்டால் சுடுகிறது, தொட விடவில்லை, காய்ச்சல், தீனி வேண்டாம் என்கிறது, எழுந்து நிற்க மறுக்கிறது. வேகமாக வளரும் பெரிய ஜாதிகளில் இந்த வயதில் வரும் ஒரு எலும்பு அழற்சி உண்டு. கிரேட் டேன் அதற்குப் பேர்போன ஜாதி. அது அன்றைக்கே போக வேண்டிய கேஸ். மூன்றாவது, எந்த வளைவும் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவது. இவை ஏதும் இல்லாவிட்டாலும் உங்கள் குட்டிக்கு இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்து ஒரு எக்ஸ்ரே எடுப்பது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் ஏற்கெனவே எவ்வளவு கால்சியம் உள்ளே போயிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கொடுக்கும் தீனியும் தரையும் சரியானால், நோய் ஏதும் இல்லாத இந்த மாதிரிக் கால்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன.

ஓட்டத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததும் தெரியாததும் கலந்து கிடக்கிறது. வயது எத்தனை மாதமோ அதை ஐந்தால் பெருக்கி அத்தனை நிமிஷம் நடத்தலாம் என்று ஒரு கணக்கு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதற்குப் பின்னால் ஆய்வு எதுவும் கிடையாது. யாரோ ஜாக்கிரதைக்காகச் சொன்ன கணக்கு அது. கயிறு பிடித்து ரோட்டில் நடத்துவதற்கு ஒரு வரம்பாக வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை, அதைத் தாண்டினால் கால் கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை. உறுதியானது வேறு. குட்டி தன் இஷ்டத்துக்கு ஓடி, களைத்தால் படுத்து, மறுபடி எழுந்து விளையாடுவது நல்லது. நாம் ஒரே வேகத்தில், நிறுத்த விடாமல், கெட்டித் தரையில் ஓட்டுவது கெட்டது. பைக்கோடு ஓடும் குட்டி களைத்தாலும் நிற்காது. உங்களை விட்டுவிடப் பயந்து ஓடிக்கொண்டே வரும். நார்வேயில் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார், லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் ஆகிய நான்கு பெரிய ஜாதிகளைத் தொடர்ந்து கவனித்து 2012 இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகமாகவும், அதே வயதில் வெளியே மிருதுவான தரையில் கட்டவிழ்த்து விளையாடிய குட்டிகளுக்குக் குறைவாகவும் இருந்தது. இதுதான் காரணம் என்று அந்த மாதிரி ஆய்வு நிரூபிக்காது, பரம்பரையின் பங்கு பெரியது. ஆனாலும் உங்களிடம் இருப்பது தென்னந்தோப்பு. உழுத மண்ணும் மட்டைத் தூளும் கிடக்கும் அந்தத் தரையைப் போல நல்ல விளையாட்டிடம் கோயமுத்தூர் பிளாட்டில் வளரும் குட்டிக்குக் கிடைக்காது. காலையும் மாலையும் தோப்பில் அவிழ்த்துவிட்டு நீங்களும் கூட நடங்கள். மொட்டைமாடிப் படிக்குக் கதவு போடுங்கள். ஜீப்பிலிருந்தும் திண்ணையிலிருந்தும் குதிக்க விடாமல் தூக்கி இறக்குங்கள், தூக்க முடியாத எடை வந்ததும் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். வளர்ந்த நாயோடு முட்டி மோதி விளையாடுவதைக் கொஞ்சத்திலேயே நிறுத்துங்கள். நீண்ட ஓட்டமெல்லாம் ஒன்றரை வயதுக்குப் பிறகு, வளர்ச்சித் தட்டுகள் மூடிய பின்தான். இன்னொன்று, பாலக்காட்டுக் கணவாய் வெயிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சிலிருந்து மழை வரும் வரை காலை ஏழரைக்கு மேல் விளையாட்டு வேண்டாம். மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் நூலாக வடிந்து, ஈறு ரத்தச் சிவப்பாகத் தெரிந்தால் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக் காற்றாடும்படி வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தோப்பில் வளர்வதற்கென்று சில ஆபத்துகளும் உண்டு. முதலில் உண்ணி. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாகப் பார்க்கும் நோய். குட்டி சோர்ந்து, ஈறு வெளுத்து, காய்ச்சலோ மூக்கில் ரத்தமோ வந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மாட்டுக்கு அடிக்க வைத்திருக்கும் உண்ணி மருந்தைக் குட்டியின் மேல் ஊற்றிக் கொண்டுவருவதும் அடிக்கடி நடக்கிறது. நடுக்கம் எடுத்து வந்த குட்டிகள் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. குட்டியின் எடைக்கு மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். மோட்டார் ரூமில் வைக்கும் எலி மருந்தும், தென்னை மரக் குருத்தில் வைக்கும் குருணை மருந்தும் குட்டிக்கு எட்டாத இடத்தில் பூட்டி இருக்க வேண்டும். அப்புறம் எலிக்காய்ச்சல். வாய்க்காலில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், அதற்கான தடுப்பூசி இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு முறையும் பிறகு வருடா வருடமும் போட வேண்டும். எல்லா வகைக் கிருமிக்கும் அந்த ஊசி காப்பாகாது என்பதால் தண்ணீர் விஷயத்தில் கவனம் எப்போதும் வேண்டும்.

மற்ற ஊசிகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. குட்டிகளுக்கு ரத்தப்போக்கோடு வயிற்றால் போகவைக்கும் பார்வோ வைரஸுக்கான கடைசி ஊசி 16 வார வயதில் அல்லது அதற்குப் பின் விழ வேண்டும். அதற்கு முன்னால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். உங்கள் குட்டிக்கு முன்பே எத்தனை போட்டிருந்தாலும் இன்னும் ஒன்று பாக்கி இருக்கக்கூடும். அது முடியும் வரை தோப்பு போதும், மற்ற நாய்கள் வந்துபோகும் இடம் வேண்டாம். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில் போட வேண்டியது. இன்னும் போடவில்லையென்றால் கால் பார்க்கப் போகும் நாளிலேயே கேளுங்கள். குட்டிக்கு மட்டுமல்ல, வீட்டுக் குழந்தைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு. குடற்புழு மருந்து ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. ஈரத் தோப்பு மண்ணில் கொக்கிப்புழு குட்டியின் ரத்தத்தையே உறிஞ்சிவிடும்.

இனி சந்தேகமானவை. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் பொடி வளரும் குட்டியின் கால் வளைவைத் தடுக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. கெடுதலும் பெரிதாக இல்லை, ஆனால் அந்தப் பணத்தை நல்ல தீனிக்குப் போடுங்கள். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. இரண்டாவதில் வைட்டமின் ஏ, டி நிறைய உண்டு, குட்டிக்கு வேண்டாம். தட்டை உயரத்தில் வைத்தால் வயிறு முறுக்கிக்கொள்ளாது என்று கிரேட் டேன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஒரு பெரிய ஆய்வில் அதற்கு எதிராகத்தான் வந்தது, எல்லா ஆய்வும் ஒத்துப்போகவில்லை. நான் தரையிலேயே வைக்கச் சொல்கிறேன். இந்த வயிறு முறுக்கல் பெரும்பாலும் வளர்ந்த பிறகு வருவது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால் மணிக்கணக்கில்கூட நேரம் இல்லை என்பதை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். கருத்தடை எப்போது என்பதிலும் ஒரே பதில் கிடையாது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுவதாகக் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. கிரேட் டேனில் அந்தக் கூடுதல் தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் ஆண் குட்டிக்கு அவசரம் ஒன்றும் இல்லையென்றால் வளர்ச்சி முடியும் வரை பொறுக்கலாம் என்பேன்.

கடைசியாக, எங்கே காட்டுவது என்பது. பக்கத்து மிருகாஸ்பத்திரியில் முதலில் காட்டுங்கள். எக்ஸ்ரேயும் எலும்பு டாக்டரும் வேண்டுமென்றால் உங்களுக்கு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி ஒரு பக்கம், உடுமலைப்பேட்டைக் கல்லூரி இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் போனாலும் முதலில் போன் செய்து, எலும்பு பார்ப்பவர் இருக்கும் நாளையும், மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுப்பதானால் குட்டியைப் பட்டினி போட வேண்டுமா, எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வயதுக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டுக் கொண்டுபோகக் கூடாது. தீனிப் பாக்கெட்டை அல்லது அதன் பின்பக்கத்தின் போட்டோவை, சிரப் பாட்டிலை, எத்தனை நாள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற குறிப்பை, ஊசிப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். குட்டி உங்களை நோக்கி நடந்து வருவதையும் விலகிப் போவதையும் சமதரையில், கேமராவைக் குட்டியின் உயரத்துக்குத் தாழ்த்தி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பயந்துபோன குட்டி வீட்டில் நடப்பது மாதிரி நடந்து காட்டாது.